விசைப்பலகையின் சிறு தொல்லைகளும் தமிழ்ப் புள்ளியும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கேட்டது தொண்டைநாட்டுச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றிய கட்டுரைதான். அவென்யூ ரோட்டில் காகிதமும் கார்பனும் ரிப்பனும் விற்றுப் பிழைத்தவனை ஓர் ஆராய்ச்சியாளனாக மதித்துக் கேட்கிறார்களே என்ற நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்டது விசைப்பலகையை. அதாவது டைப்ரைட்டரிலும் கம்ப்யூட்டரிலும் நாம் தட்டுகிற கீபோர்டு. "நயினாருக்கு என்ன ஆச்சு, கல்லை விட்டுட்டு கட்டையைப் பிடிச்சிட்டாரே" என்று அன்பர்கள் சிரிக்கலாம். சென்ற ஆண்டு மலரில் வந்த என் கட்டுரையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. பிழைக்குக் காரணம் அச்சகமும் அல்ல, மெய்ப்புப் பார்த்தவரும் அல்ல. ஒரே ஒரு விசை. அந்த விசையைத் தேடிப் போன இடத்தில் ஒரு வரலாறே கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டு, பிழையையும் சொல்லித் திருத்திக்கொள்கிறேன்.

பேரனின் பொழுதுபோக்கு

என் மகள் வயிற்றுப் பேரன் பொறியியல் முதலாண்டு படிக்கிறான். அல்சூரில் எங்களோடுதான் இருக்கிறான். மற்ற பிள்ளைகள் கிரிக்கெட் மட்டை வாங்குகிற காசில் இவன் கீபோர்டு வாங்குகிறான். ஒன்று இருந்தால் போதாதா என்று கேட்டால், "தாத்தா, இது மெக்கானிக்கல்" என்கிறான். சாதாரண கீபோர்டில் எல்லாப் பொத்தான்களுக்கும் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். அழுத்தினால் சொத்தென்று உள்ளே போகும். மெக்கானிக்கல் என்பதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சுவிட்ச். அதற்குள் ஒரு சுருள் கம்பி, மேலும் கீழும் போகிற ஒரு பிளாஸ்டிக் தண்டு, தொட்டுக்கொள்ள இரண்டு உலோகத் தகடு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த அமைப்பையே இன்றும் உலகம் அளவுகோலாக வைத்திருக்கிறது. தண்டின் நுனி கூட்டல் குறிபோல இருக்கும். அதன்மேல் எழுத்துப் பொறித்த மூடியைச் செருகிக்கொள்ளலாம். நீல நிறத் தண்டு என்றால் 'க்ளிக்' என்று சத்தம் வரும், சிவப்பு வழுக்கிக்கொண்டு போகும், பழுப்பு நடுவில் ஒரு சிறு மேடு தட்டும். நம் வெற்றிலை பாக்குக் கடைக்காரர் ஆளுக்கேற்ற சுண்ணாம்பு தடவுவதுபோல விரலுக்கேற்ற சுவிட்ச்!

இதில் நம் பக்கத்துப் பெருமை ஒன்று உண்டு. நம் ஊர் இளைஞர்கள் பலருக்கு இந்தப் பித்து பிடித்ததே டி.வி.எஸ். கோல்டு என்ற கீபோர்டினால்தான். தமிழ்நாட்டுக் கம்பெனி, தொழிற்சாலை நம் கர்நாடகத்துத் தும்கூரில். பல ஆண்டுகள் அதில் செர்ரியின் நீலச் சுவிட்சுகளே இருந்தன. கடைகளின் பில் கவுண்டரில் நின்றவர்கள் எல்லோரும் அந்தச் சடசடப்பைக் கேட்டிருப்பார்கள். வெளிநாட்டார் விலை உயர்ந்த பொழுதுபோக்காக வைத்திருந்த பொருளை நம் மளிகைக் கடைக் கணக்கப்பிள்ளை அதன் அருமை தெரியாமலே தட்டிக்கொண்டிருந்தார்.

பொழுதுபோக்கு என்கிறானே தவிர, பையன் பொழுதெல்லாம் குறைபட்டுக்கொண்டுதான் இருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மூடிகளில் எல்லாம் பொருந்தியது, ஸ்பேஸ்பார் மட்டும் பொருந்தவில்லை. ஸ்பேஸ்பாருக்கு ஒரு கம்பெனி ஓர் அளவு, இன்னொரு கம்பெனி வேறு அளவு வைக்கிறதாம். பெரிய விசைகள் ஒரு பக்கம் சாயாமல் இருக்க அடியில் வளைந்த கம்பி வைக்கிறார்கள். அது கடகடவென்று ஆடுகிறது. ஆட்டத்தை நிறுத்த ஒரு மசகு. மசகு கூடினால் விசை எழும்பாமல் ஒட்டிக்கொள்கிறது. நூறு சுவிட்சைப் பிரித்து, தூரிகையால் தடவி, மறுபடி மூட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. இருபது பேர் சேர்ந்தால்தான் செய்து தருவோம், இருநூறு பேர் சேர்ந்தால்தான் செய்து தருவோம் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, ஓராண்டு கழித்து அனுப்புகிறார்கள். வந்தால் சுங்கவரி வேறு. சுவிட்சு மாற்ற எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் கடைக்காரர், "ஒரு சுவிட்சுக்காகவா வந்தே? புது கீபோர்டு எடுத்துக்கோ" என்கிறார். இரவு பதினொரு மணிக்கு அவன் தட்டுகிற சத்தத்தில் என் மகளுக்குத் தூக்கம் வருவதில்லை. அதற்கு அடியில் ஒரு துணி விரிப்பு வாங்கிப் போட்டிருக்கிறான்.

எனக்குப் பிடிபடாதது ஒன்று. அவன் கீபோர்டில் ஆங்கில எழுத்தின் ஓரத்தில் ஜப்பானிய எழுத்தும் பொறித்திருக்கிறது. "ஜப்பான் பாஷை தெரியுமாடா?" என்றேன். "தெரியாது தாத்தா, பார்க்க அழகா இருக்கு" என்றான். ஜப்பான், கொரியா, ரஷ்யா என்று பல எழுத்திலும் மூடி கிடைக்கிறது. தமிழ் மூடி கேட்டு நானும் அவனும் தேடிப் பார்த்தோம். எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. கடைசியில் என் கடையிலிருந்த ஸ்டிக்கர் தாளில் நானே எழுதி வெட்டி ஒட்டினேன். மூன்று மாதத்தில் க, ப, ம, த நான்கும் தேய்ந்து போயின. எந்த எழுத்தை அதிகம் பயன்படுத்துகிறோம் என்பதற்கு வேறு புள்ளிவிவரம் வேண்டியதில்லை.

எழுத்தாணி முதல்

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஏடு படியெடுத்தவர்களின் நினைவுதான் வந்தது. நூல்களைப் படியெடுத்துத் தானம் செய்வது சமணருக்குப் பெரிய அறம். சாஸ்திர தானம் என்பார்கள். இந்தக் கன்னட மண்ணிலேயே அத்திமப்பே என்ற அம்மையார் பொன்னனின் சாந்திபுராணத்தை ஆயிரம் படி எழுதுவித்துக் கொடுத்தார் என்று சொல்வது வழக்கம். எழுதுவித்தவர் பெயரை நாம் கொண்டாடுகிறோம். ஆயிரம் படி எழுதியவர்களின் விரல் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. வடநாட்டுச் சமணச் சுவடிகள் பலவற்றின் கடைசியில், எழுதி எழுதித் தன் முதுகும் கழுத்தும் நொந்துபோனதையும், ஆகவே இந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படியும் படியெடுத்தவர் எழுதிவைத்திருப்பார். என் பேரனுடைய முறையீடு அந்த வரிசையில் கடைசி என்றுதான் எனக்குத் தோன்றியது.

இந்த முறையீடுகளைச் சிறியவை என்று தள்ளிவிட முடியாது. எழுதுகிறவன் விரலுக்கு உண்டாகும் சிறு தொல்லை எழுத்தின் உருவத்தையே மாற்றியிருக்கிறது. இதற்குத் தமிழில் புள்ளியைவிட நல்ல சான்று இல்லை.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு. ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட பெருநூலில் குகைக் கல்வெட்டுகளை ஆராய்ந்து, தமிழி எழுத்தில் சில இடங்களில் புள்ளி இருப்பதைக் காட்டினார். ஆயினும் பின்வந்த கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் பெரும்பாலும் புள்ளியைக் காண முடியாது. காரணம் எளியது. ஓலையில் எழுத்தாணியின் கூர்நுனியை வைத்து அழுத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். கோடு இழுக்கலாம், புள்ளி குத்தக் கூடாது. எனவே விதி இருந்தும் வழக்கம் போயிற்று. படிப்பவன் தன் தமிழறிவைக் கொண்டு புள்ளியை மனத்தில் வைத்துப் படித்தான். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லை; எகரமா ஏகாரமா என்பது இடம் பார்த்து அறிய வேண்டியது. இந்தக் கடைசிக் குழப்பத்தை வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் இரட்டைக் கொம்பு போட்டுத் தீர்த்தார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது புள்ளியற்ற ஏடுகளோடு எவ்வளவு போராடியிருப்பார்! கும்பகோணத்துச் சைனர்களிடம் அவர் போய்க் கேட்டுத் தெளிந்ததை அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார். அதில் எங்களவர்க்கு ஒரு சிறு கர்வம் உண்டு. மன்னிக்க வேண்டும்.

அச்சு வந்தபிறகு புள்ளி திரும்பி வந்தது. ஈய எழுத்துக்கு ஓலை கிழியும் பயமில்லை.

சுண்டு விரல்

அச்சுக்கூடத்தில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் தனித்தனி அறையில் போட்டு வைக்கலாம். டைப்ரைட்டரில் அது நடக்காது. நாற்பத்துச் சொச்சம் விசை, ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு எழுத்து. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கோ 247 எழுத்து, வடவெழுத்து தனி. இந்தக் கணக்கை விரலுக்குள் அடக்கியவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர். நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வெளியே வாழ்ந்த தமிழர்தான் தமிழ்த் தட்டச்சுக்கு வழி செய்தார் என்பதை நம் சங்கத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வகுத்த விசைப்பலகையோடு ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமன் கம்பெனி இயந்திரங்கள் செய்தது.

அவர் கையாண்ட உபாயம் நகரா விசை. சாதாரண விசையைத் தட்டினால் எழுத்து விழுந்ததும் காகித உருளை ஓரெழுத்து இடம் நகரும். நகரா விசையைத் தட்டினால் குறி விழும், உருளை நகராது. எனவே 'ம்' என்று அடிக்க, முதலில் நகரா விசையால் புள்ளியை அடித்து, பிறகு மகரத்தை அடிக்க வேண்டும். புள்ளிக்குக் கீழே எழுத்து வந்து உட்காரும். குழந்தை பிறக்குமுன் தொட்டில் கட்டுகிற மாதிரி! கையால் எழுதும்போது எழுத்துக்குப் பின் வருகிற புள்ளி தட்டச்சில் முன்னால் வந்துவிட்டது. உகர ஊகார வரிசைதான் பெரிய இடைஞ்சல். கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம், பதினெட்டு மெய்யிலும் 36 வடிவம். சிலவற்றுக்குத் தனி விசை, சிலவற்றுக்கு ஒட்டு. 'டி' தனி விசையாக நிற்கும்.

இதையெல்லாம் நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வந்தவாசியில் தமிழ் ஹையர் தேறியவள். 1982-இல் எங்களுக்குத் திருமணம் ஆயிற்று. மறுவருடம் பழைய தமிழ் மெஷின் ஒன்றை எடைக்குப் போடுகிற விலையில் வாங்கி, என் கல்வெட்டுக் குறிப்புகளை அவளை அடிக்கச் சொன்னேன். பகலில் கடை, வீடு, பிள்ளைகள். ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் மெஷின் முன் உட்காருவாள். கீழ்வீட்டுக்காரர் சத்தத்துக்கு இரண்டு தடவை மேலே வந்துவிட்டார். பழைய ஜமக்காளத்தை எட்டாக மடித்து மெஷினுக்கு அடியில் போட்டோம். பேரன் வாங்கியிருக்கிற விரிப்பைப் பார்த்தபோது எனக்கு அந்த ஜமக்காளம்தான் கண்ணில் நின்றது.

ரிப்பன் என் கடையிலேயே இருந்ததால் அந்தக் கவலை இல்லை. மூன்று கார்பன் வைத்து அடிக்கையில் ஓரெழுத்து தவறினால் நான்கு தாளிலும் தனித்தனியே அழிக்க வேண்டும். வேகமாக அடித்தால் இரண்டு கம்பிகள் மேலே போய்க் கோத்துக்கொள்ளும், விரல் மையாகும். கிரந்த எழுத்து வருகிற இடங்களில் இடம் விட்டு அடித்துவிடுவாள், காலையில் நான் பேனாவால் நிரப்புவேன். மணிப்பிரவாள நடையிலுள்ள ஸ்ரீபுராணத்திலிருந்து அவள் அடித்த பக்கங்களைப் பார்த்தால் அம்மைத் தழும்புபோல நீல மை நிறைந்திருக்கும்.

ஆனால் அவளுக்கு உண்மையான துன்பம் வேறு. புள்ளி விசை இருப்பது வலக்கையின் சுண்டு விரலுக்கு. மெய்யெழுத்து இல்லாமல் தமிழில் எந்த வரி உண்டு? தமிழ் என்ற சொல்லிலேயே கடைசியில் ஒன்று. மெஷின் கனத்தது, விரலை வைத்தால் போதாது, இடிக்க வேண்டும். பத்து விரலில் மிகவும் பலவீனமான விரலுக்கு மிக அதிகமான வேலை. பக்கத்துக்கு எத்தனை புள்ளி என்று ஒருநாள் அவளே எண்ணினாள், இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். விரலில் தைலம் தடவிக்கொண்டே, "என்னங்க, அந்தக் கல்லுல இவ்வளவு புள்ளியா வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். "கல்லில் புள்ளியே கிடையாது. படிக்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று நான்தான் போட்டு எழுதுகிறேன்" என்றேன். "அப்போ நீங்களே வந்து அடிங்க" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் வழக்கம்போல் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் பக்கம் அடித்திருக்கிறாள். ஏடு எழுதியவர்களைப் போலக் கடைசிப் பக்கத்தில் தன் விரலைப் பற்றி ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. நானும் அப்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை. அவள் போய் எட்டு வருடம் ஆகிறது.

எழுத்துச் சீர்திருத்தம் பற்றியும் இங்கே ஒரு சொல். பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் புகுத்திய வடிவங்களை எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஆணையாக்கியது. ணா, றா, னா முதலிய பதின்மூன்று எழுத்துகளின் தனி உருவங்கள் போய், பொதுக் குறிகளே அவற்றுக்கும் வந்தன. துதிக்கை வைத்த லை, னை முதலியவற்றை என் தகப்பனார் கடைசிவரை விடவில்லை. கொள்கை, இயக்கம் என்று இதற்குப் பல காரணம் பேசுவார்கள், அவையும் உண்மைதான். ஆனாலும் அச்சுக் கோப்பவன் கையும் தட்டச்சுக்காரி விரலும் இதற்கு அடியில் இருந்தன என்பது காகித வியாபாரியாகிய என் எண்ணம்.

இயந்திரம் போடும் புள்ளி

டைப்ரைட்டர் காலம் முடிந்தது. கோத்ரெஜ் கம்பெனி 2009-இல் டைப்ரைட்டர் செய்வதை நிறுத்தியது. என் கடையில் கடைசி டஜன் ரிப்பனை வாங்கியவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. கம்ப்யூட்டரில் தமிழ் வந்தபோது தொல்லை தீரும் என்று நினைத்தோம். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. ஒருவர் அனுப்பியதை மற்றவர் திறந்தால் புரியாத கிறுக்கல். அந்தக் கதையை நீட்டவில்லை. யூனிகோடு வந்து அது ஓய்ந்தது, தமிழ்நாட்டு அரசும் 2010-இல் அதை ஏற்றது.

விசைப்பலகைக்குத்தான் திரும்ப வேண்டும். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி ஒரு பொது விசைப்பலகை வகுக்கப்பட்டது. அதுவே தமிழ்99. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். க, ப, ம, த, ந, ய எல்லாம் வலக்கை விரல்கள் ஓய்வாக இருக்கும் நடு வரிசையில். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது இடக்கை ஆள்காட்டி விரலில் ஆய்த எழுத்தை வைத்திருந்தது. 'அஃது', 'எஃகு' என்று நாளுக்கு எத்தனை முறை எழுதப்போகிறோம், நல்ல விரலை வீணாக்கிவிட்டார்களே என்று திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, மெய்யை அடித்து அந்த விசையைத் தட்டினால் அதுவே புள்ளியாகிறது. சுண்டு விரலின் பாரத்தை ஆள்காட்டி விரலுக்கு மாற்றியிருக்கிறார்கள். வகுத்தவர்களை மனசாரக் கும்பிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்கு இயந்திரமே புள்ளி வைக்கிறது. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற இணைகளுக்கும் அப்படியே. 'அம்மா' என்பதற்குப் பழைய மெஷினில் ஐந்து தட்டு, இதில் நான்கு. புள்ளிக்குத் தட்டே இல்லை. தமிழின் இலக்கணம் அறிந்து செய்த வேலை இது. நம் பக்கத்துக் கன்னட அன்பர்களுக்கு கே.பி. ராவ் வகுத்த பலகை இருக்கிறது. எல்லா இந்திய மொழிக்கும் பொதுவென்று மத்திய அரசு தந்த இன்ஸ்கிரிப்டும் இருக்கிறது. அதில் கன்னடமும் தமிழும் ஒரே இடத்தில் க என்று அடிக்கலாம், எங்களைப் போல இரண்டும் எழுதுகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் வர்க்க எழுத்துகள் தமிழில் இல்லாததால் பல விசைகள் வாடகைக்கு ஆள் வராத கடைபோலக் காலியாகக் கிடக்கும்.

நம் பிள்ளைகளோ இவை எதையும் தொடுவதில்லை. ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் வந்துவிடுகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் வழியாகப் பரப்பிய முறை அது. ஊர்விட்டு ஊர் வந்த தமிழர்க்கு அது செய்த உபகாரம் பெரிது, குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எதைக் கற்றுத் தருவது என்று பெற்றோர் என்னைக் கேட்டபோது மட்டும் தமிழ்99 என்றேன். தமிழெழுத்தைத் தமிழெழுத்தாக நினைத்து அடிக்கிற பழக்கம் ஒரு வேளையாவது இருக்கட்டுமே.

பிழை

அதே தமிழ்99-தான் என்னைக் கவிழ்த்தது.

பேரன் தனக்குப் பழையதாகிப்போன மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை எனக்குக் கொடுத்தான். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். டைப்ரைட்டர் அடிப்பதைப் பார்த்தே பழகிய எனக்கு அந்தக் கனம் பிடித்துவிட்டது. "தாத்தா, ஏன் இடிக்கிறீங்க? பாதி அழுத்தினாலே எழுத்து விழுந்துடும்" என்பான். முழு ஆழமே நான்கு மில்லிமீட்டர்தான். அதில் பாதியிலேயே தகடுகள் தொட்டுக்கொள்ளும். நான் அடிமட்டம் வரை இடித்துத்தான் பழக்கம். மனைவி அடித்து வைத்த அறுநூறு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினேன்.

மெக்கானிக்கல் சுவிட்சில் ஒரு சிறு நோய் உண்டு. தகடுகளுக்கிடையில் தூசியோ அழுக்கோ சேர்ந்தால், ஒரு முறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழும். உலோகம் உலோகத்தைத் தொடும்போது துள்ளுவது இயல்பு. கீபோர்டுக்குள் இருக்கும் சில்லு அந்தத் துள்ளலைச் சில மில்லி நொடி பொறுத்திருந்து ஒரே தட்டாக எடுத்துக்கொள்ளும். அழுக்கு சேர்ந்தால் துள்ளல் நீண்டு, அதற்கும் அடங்காமல் போகும். எப்போதும் நடக்காது, நூறில் ஒரு தடவை. ஆங்கிலத்தில் இது நடந்தால் உடனே கண்ணில் உறுத்தும், கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுவிடும். தமிழ்99-இல் அப்படியல்ல. இரட்டித்த மெய்க்கு இயந்திரம் தானே புள்ளி வைத்து அழகாகத் திருத்திக் கொடுத்துவிடும். 'படம்' பட்டமாகும். 'குடை' குட்டையாகும். எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள். எந்தச் சொற்பிழை திருத்தியும் பிடிக்காது. என் கீபோர்டில் கெட்டுப்போயிருந்தது ககர விசை.

சென்ற ஆண்டு மலரில், எங்கள் பக்கத்து மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்கு விளக்கெரிக்கப் பொன் கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். போளூருக்கு அருகே திருமலையில் சோழ அரசகுமாரி குந்தவையின் பெயரால் ஜினாலயம் இருப்பதை எல்லோரும் அறிவர். அரச குலத்தில் பிறக்காத பெண்களும் தம் பொருளைக் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டுவதுதான் அக்கட்டுரையின் நோக்கம். கல்வெட்டு அப்பெண்ணை இன்னார் மகள் என்கிறது. அச்சில் வந்ததோ 'இன்னார் மக்கள்'. ஒரு பெண் தன் கையால் கொடுத்த கொடை, ஒரு தகப்பனின் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கொடுத்ததாக மாறிவிட்டது. கட்டுரையின் உயிரே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. மெய்ப்பு இரண்டு முறை நானே பார்த்தேன். 'மக்கள்' நல்ல சொல்லாயிற்றே, கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மைசூரிலிருந்து ஒரு பேராசிரியர் அதை நம்பித் தம் கட்டுரையில் எடுத்தாளப்போவதாகக் கடிதம் எழுதியபோதுதான் எனக்குத் திக்கென்றது.

பரணிலிருந்து மனைவி அடித்த பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'மகள்' என்று தெளிவாக இருக்கிறது. ளகரத்தின்மேல் புள்ளி, சுண்டு விரலால் இடித்த புள்ளி, தாளின் பின்பக்கம் தடவினால் இன்றும் விரலில் தட்டுப்படுகிறது. கல் வெட்டியவர் தவறவில்லை. என் மனைவியும் தவறவில்லை.

பேரன் கீபோர்டைக் கழற்றி, ககரத்தின் சுவிட்சை ஈயம் உருக்கி எடுத்தான். தகட்டில் மண்ணாங்கட்டி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. "ஸ்டிக்கர் கோந்து தாத்தா. நீங்க ஒட்டினீங்களே தமிழ் எழுத்து, அதோட பசை தேய்ஞ்சு உள்ளே போயிருக்கு" என்றான். புதுச் சுவிட்சு போட்டுக் கொடுத்தான். தமிழ் ஸ்டிக்கர் இப்போது இல்லை. மொட்டை விசையில்தான் அடிக்கிறேன், கைக்கு எழுத்துகள் தெரிந்துவிட்டன. இதுவரை ஏற்றிய நூற்று நாற்பது பக்கத்தையும் மனைவியின் தாளோடு வரிக்குவரி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவன் உரக்க வாசிப்பான், நான் தாளைப் பார்ப்பேன். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறான். இதுவரை ககரப் பிழை பதினொன்று கிடைத்திருக்கிறது. பேராசிரியருக்கு அன்றே தந்தி அடிக்காத குறையாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

சென்ற ஆண்டு மலரை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்கள் தயவுசெய்து என் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து, 'மக்கள்' என்று வருகிற இடத்தில் புள்ளி வைத்த ககரத்தைப் பேனாவால் அடித்துவிட வேண்டுகிறேன்.